கிரிட்டில் திணறுகிற கார்: கேள்வி பதில்

ஞாயிறு மாலை என்றால் செல்லூரில் எங்கள் வீட்டு மாடியறையில் கம்ப்யூட்டர் கார் ரேஸ் கேமுக்கான ஸ்டியரிங் வீலைச் சுற்றி நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுவதைவிட செட்டிங்ஸ் பற்றிய பேச்சுதான் அதிகம். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை, கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு.

திருமங்கலம்: அண்ணே, அசெட்டோ கோர்ஸா கேமில் தனியாக ஓட்டினால் நொடிக்கு 80 ஃப்ரேம் (திரையில் மாறுகிற படம்) வருகிறது. 20 கார் ரேஸில் ஸ்டார்ட்டிலேயே 35க்கு இறங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடட்டுமா?

காசை எடுக்காதீர்கள் தம்பி. முதலில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்கி அதே ரேஸை ஓட்டுங்கள். திரையில் 20.7 லட்சம் பிக்சல் இருந்த இடத்தில் 9.2 லட்சம்தான் இருக்கும். அப்படியும் 35லேயே நின்றால் கார்டு மேல் குற்றமில்லை, திணறுவது ப்ராசஸர். இந்த கேம் டயர், சஸ்பென்ஷன் கணக்கை நொடிக்கு 333 முறை போடுகிறது. எதிரி கார்களுக்கும் கணக்குப் பார்த்தாக வேண்டும். 20ஐ 14 ஆக்கிப் பாருங்கள், மூச்சு வரும். 720இல் ஃப்ரேம் நன்றாக ஏறினால்தான் கார்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்று. காலி டிராக்கில் செட்டிங்ஸ் வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கிரிட்டில், அதாவது ஸ்டார்ட்டுக்கு கார்கள் நிற்கிற வரிசையில், கடைசி இடத்தில் போய் நில்லுங்கள். எல்லாக் கார்களும் கண்முன்னே இருக்கும். அங்கே 60 வந்தால் எங்கேயும் வரும்.

மேலூர்: எதை முதலில் குறைப்பது?

நிழல், கண்ணாடி, ரிஃப்ளெக்‌ஷன். கார் பளபளப்பில் சுற்றுப்புறம் தெரிய வேண்டுமானால் ஒரு பெட்டியின் ஆறு பக்கமாக அதை வரைகிறது கேம். ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை பக்கம் வரைய வேண்டும் என்று செட்டிங்கிலேயே இருக்கும். ஒன்றோ இரண்டோ போதும், ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. பின்பக்கக் கண்ணாடியை அணைத்துவிடாதீர்கள், தரத்தை மட்டும் குறையுங்கள். பார்வையாளர் கூட்டத்தை தாராளமாக எடுத்துவிடலாம், இது என்ன அலங்காநல்லூரா? ஆனால் விளிம்புகளின் பிசிறை மழுப்புகிற ஆன்டி அலையஸிங்கை 2க்குக் கீழே இறக்க வேண்டாம். தூரத்து பிரேக்கிங் பலகை மினுமினுத்தால் எங்கே மிதிப்பது என்றே தெரியாது.

அனுப்பானடி: லேப்டாப்பில் பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திக்கித் திக்கிப் போகிறது.

சூடு. எனக்கும் போன சித்திரையில் இதே கதைதான். கடையில் காட்டினால் மதர்போர்டு போச்சு என்றார்கள். நம்பாமல் வீட்டில் பின்மூடியைக் கழற்றினேன். காற்று வெளியேறுகிற தகட்டு இடுக்கில் தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு கட்டி. ஃபேன் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் வழித்தெடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது. மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள். அடியில் காற்று புக இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுங்கள். ஃப்ரேமை 60க்குக் கட்டிப்போடுங்கள். வெயில் காலத்தில் 110 ஃப்ரேம் ஓடவிட்டு அறையைச் சூடாக்குவானேன்?

அவனியாபுரம்: விசிங்க் (ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிற செட்டிங்) போட்டால் ஸ்டியரிங் தாமதமாகத் திரும்புகிற மாதிரி இருக்கிறதே?

பிரமை இல்லை, தாமதம்தான். அணைத்துவிட்டு ஃப்ரேம் வரம்பு மட்டும் வையுங்கள். 60 என்றால் ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 90க்கும் 45க்கும் ஊஞ்சலாடுவதைவிட அசையாத 60தான் கைக்குப் பழகும்.

உசிலம்பட்டி: எஃப்ஓவி, அதாவது திரையில் தெரிகிற பார்வைக் கோணம், எவ்வளவு வைப்பது?

24 இன்ச் மானிட்டரின் உயரம் சுமார் 30 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கணக்குப்படி செங்குத்தில் 28 டிகிரி. குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கும். நான் 38 வைத்திருக்கிறேன், பக்கத்துக் கார் கொஞ்சமாவது தெரிய வேண்டாமா?

மேலூர், மறுபடியும்: எல்லாவற்றையும் குறைத்தால் ஸ்டேட்டஸில் போட அழகான படம் எப்படி எடுப்பது?

ரீப்ளேயில் எடுங்கள். அங்கே 20 ஃப்ரேம் வந்தாலும் யாருக்கு நஷ்டம்? எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ரேஸுக்கு முன் இறக்க மட்டும் மறக்காதீர்கள். போன வாரம் நான் மறந்தேன், முதல் வளைவிலேயே மணலில் கிடந்தேன்.