ஐரிஸ் இலையை இப்போதே வெட்டிவிடலாமா?

கனடாவில் டொரொன்டோ நகரின் ஸ்காபரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். புதிதாக வாங்கிய வீட்டின் முன்னால் பியர்டட் ஐரிஸ் என்ற கிழங்கிலிருந்து முளைக்கிற பூச்செடி நிறைய நிற்கிறதாம். ஜூனில் பூத்து முடிந்துவிட்டது, இப்போது இலைகள் சரிந்து நுனி காய்ந்து கிடக்கின்றன. புல் வெட்ட வருகிறவர், "எல்லாவற்றையும் பாதியாக வெட்டிவிடுகிறேன், அப்போதுதான் அடுத்த வருடம் பூக்கும்" என்கிறார். விடலாமா?

விடாதீர்கள். இந்த வருடம் பூத்த கிழங்கு இனிப் பூக்காது. அதன் பக்கத்தில் இஞ்சி மாதிரி கிளைக்கிற புதுக் கிழங்குகள்தான் அடுத்த வருடம் பூக்கும், அவற்றுக்குச் சாப்பாடு போடுவது இப்போது நிற்கிற பச்சை இலை. பூத்த தண்டை மட்டும் அடியோடு வெட்டுங்கள். காய்ந்த இலை கையால் இழுத்தாலே வந்துவிடும். புள்ளி விழுந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் நறுக்கினால் போதும்.

இலையை இப்படிப் பாதியாக, விசிறி மாதிரி வெட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜூலை கடைசி, ஆகஸ்டில் கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடும்போது இலையை ஆறு அங்குலத்துக்குக் குறைப்போம், வேர் பாதி போய்விட்டதால் முழு இலைக்கும் அதனால் தண்ணீர் கொடுக்க முடியாது, காற்றடித்தால் செடியும் சாய்ந்துவிடும். நர்சரியிலும் அப்படி வெட்டித்தான் விற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, தோண்டாத செடியையும் வெட்டுகிறார்கள். பிரித்து நடுவதென்றால் வெட்டுங்கள், இல்லையென்றால் கத்தரியை உள்ளே வையுங்கள், அவ்வளவுதான். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் தோட்டப் பராமரிப்புத் தொழிலுக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. லாரியும் மெஷினும் இருந்தால் எவரும் தோட்ட நிபுணர்தான், யாரும் கேட்பதில்லை!

சரி, எப்போது வெட்டுவது? உறைபனி விழுந்து இலை செத்த பிறகு, அநேகமாக நவம்பரில், தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் விட்டு. இது அழகுக்காக இல்லை. ஐரிஸ் போரர் என்ற அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் பழைய இலையிலும் சருகிலும் முட்டையிடும், வசந்தத்தில் பொரிக்கிற புழு இலைக்குள் புகுந்து கிழங்குவரை தின்றுகொண்டே இறங்கும், அப்புறம் கிழங்கு அழுகி நாறும். 2009 முதல் ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலான பூச்சிமருந்துகள் தடை என்பதால், முட்டையோடு சருகை அப்புறப்படுத்துவதுதான் உங்கள் கையில் இருக்கிற மருந்து. கம்போஸ்டில் போடாதீர்கள்.

இங்கேதான் "ஃபால் கிளீன் அப்" என்று இலையுதிர் காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்து தருகிற பேக்கேஜ்காரர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அவர்களுக்கு வானிலை கணக்கில்லை, காலண்டர்தான். செப்டம்பரில் பச்சையாக இருக்கும்போதே வந்து வெட்டி, வெட்டியதைக் காற்றூதும் புளோவர் மெஷினால் புதருக்கடியில் தள்ளி, மேலே மல்ச் என்ற மரத்தூள் மூடாக்கைக் கொட்டி, அதற்குத் தனியாகக் காசும் கேட்பார்கள். ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயிலில் தெரிய வேண்டும், மல்ச் மூடினால் அழுகும். கொட்டிவிட்டார்களா, கையால் விலக்கிவிடுங்கள்.

சருகைக் காகிதப் பையில் கட்டுங்கள், பிளாஸ்டிக் பையென்றால் நகராட்சி வண்டி அப்படியே விட்டுவிட்டுப் போகும். அதுவும் தினமும் வருகிற வண்டியில்லை, உங்கள் தெருவுக்கு எந்த வாரம் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு வெட்ட ஆரம்பியுங்கள், இல்லையென்றால் பை மழையில் ஊறிக் கிழிந்து, சருகு திரும்பப் பாத்திக்கே வந்துவிடும்.