ரேர்போ காருக்குக் காபன் கிளீனிங்: காசு கொடுக்கமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 2017 ஹொண்டா சிவிக், 1.0 ரேர்போ. 70,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்ரார்ட் செய்தால் ஒரு நிமிடம் எஞ்சின் உதறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து யாழ் நகருக்கு வேலைக்குப் போய்வருவதுதான் ஓட்டம். கராஜில் ‘ஃபியூவல் சிஸ்ரம் கிளீனிங்’ பக்கேஜ் ஒன்று சொல்கிறார்கள்: ராங்கில் ஊற்ற ஒரு போத்தல், திறொட்டில் துடைப்பு, இன்ஜெக்டர் கிளீனிங். செய்யலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பக்கேஜில் உள்ள எதுவும் காபன் அதிகம் பிடிக்கிற இடத்தைத் தொடாது.

உங்கள் எஞ்சின் டிரெக்ட் இன்ஜெக்ஷன் வகை. பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது; காற்றை உள்ளே விடும் இன்ரேக் வால்வின் முதுகில் ஒரு துளியும் படாது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து பிசிவி என்ற சிறு வால்வு வழியாகத் திரும்பிவரும் ஒயில் ஆவியோ அதே வால்வைக் கடந்துதான் உள்ளே போகிறது. தாச்சியின் அடியில் எண்ணெய் கருகிப் பிடிப்பதுபோல் அது வால்வின் சூட்டில் படிப்படியாக இறுகுகிறது. போர்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெற்றோல் வால்வின் மேலேயே விழுந்து கழுவிக்கொண்டிருக்கும். உங்களுடையதில் அந்தக் கழுவல் கிடையாது. ஆகவே ராங்கில் ஊற்றும் மருந்து இன்ஜெக்டரின் நுனிக்கும் சிலிண்டருக்குள்ளும் போகுமே தவிர வால்வுக்குப் போகாது.

ஆனால் காலை உதறலுக்குக் காரணம் காபன்தான் என்று இன்னும் யாரும் காட்டவில்லை. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஸ்கானர் போட்டால் எந்தச் சிலிண்டர் பிசகுகிறது என்று தெரியும். பி0302 என்ற பிழைக் கோட் வந்தால் இரண்டாவது சிலிண்டர். அதன் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை முதலாவதோடு மாற்றிப் போட்டு, மறுநாள் காலை குளிரில் ஸ்ரார்ட் செய்து பாருங்கள். கோட் பி0301 ஆக மாறினால் கொயில் பழுது, விஷயம் அங்கேயே முடிந்தது. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். ஸ்கானரிலேயே ‘லோங் ரேம் ஃபியூவல் ரிம்’ என்ற எண்ணையும் (பெற்றோல் அளவைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) பாருங்கள். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. கூட்டல் 10ஐத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது பெற்றோல் போதவில்லை. ரேர்போக் காற்றை ஆற்றும் இன்ரர்கூலரின் ஹோஸ் கிளிப்புகளையும் பிசிவி வால்வையும் அப்போது பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் வால்வுக்கு வாருங்கள். பிளக் துளையால் கமெரா விட்டால் பிஸ்ரனின் தலை தெரியும், வால்வின் முதுகு தெரியாது. இன்ரேக் பக்கத்தால் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய கறுப்புப் பூச்சு இந்த ஓட்டத்துக்கு இயல்பு. வால்வின் தண்டு தடித்து, கட்டி கட்டியாகப் பிடித்திருந்தால் மட்டும் வோல்நட் பிளாஸ்ரிங் செய்யலாம். இன்ரேக் மனிஃபோல்ட்டைக் கழற்றி, அரைத்த வோல்நட் கொட்டை ஓட்டுத் துகளை அமுக்கக் காற்றால் அடித்து, வக்யூமால் உறிஞ்சி எடுக்கும் வேலை அது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்கைச் சுற்றி, அதன் இரண்டு இன்ரேக் வால்வும் முழுதாக மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே அடிக்க வேண்டும். திறந்திருந்தால் துகள் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். இதை எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் காரை விடவேண்டாம். மனிஃபோல்ட் கஸ்கற் (இடைவெளியை அடைக்கும் தகடு) புதிதாகப் போட வேண்டும், பில்லில் அது தனியாக வரவேண்டும்.

எஞ்சின் ஓட ஓட இன்ரேக் குழாயில் ஸ்பிரே அடிக்கும் முறையை ரேர்போ காரில் நான் ஏற்கமாட்டேன். ரேர்போவுக்கு முன்னால் அடித்தால் மருந்து கொம்பிரசரிலும் இன்ரர்கூலரிலும் தேங்கும். பின்னால் அடித்தாலும், பெயர்கிற காபன் கட்டி எக்ஸோஸ்ற் வழியாக ரேர்பைன் சக்கரத்தைத்தான் கடக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுழலும் சக்கரம் அது.

போத்தல் முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். லேபிளில் காபனைக் கரைக்கும் ‘பொலிஈதர் அமீன்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒயில் மாற்ற இன்னும் ஒரு ராங் ஓட்டம் இருக்கும்போது, லேபிளில் உள்ள அளவை முதலில் ஊற்றி அதன் மேல் பெற்றோல் அடியுங்கள். அந்த ராங் முடிந்ததும் ஒயிலை மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மருந்தின் ஒரு பகுதி ஒயிலிலும் கலக்கும். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுவது வேறு கதை. இந்த வகையில் பெற்றோல் அமுக்கம் 200 பார் வரை போகும், போர்ட் வகையில் 3, 4 பார்தான். கழற்றினால் நுனியிலுள்ள ரெஃப்லோன் சீல் கட்டாயம் புதிது. இன்ஜெக்டர் எவ்வளவு பீய்ச்சுகிறது என்று அளந்த ஃபுளோ ரெஸ்ற் அறிக்கை இல்லாமல் அந்த வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

உங்கள் குட்டை ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன் நிறுத்தப்படுகிறது. பெற்றோலும் தண்ணீரும் ஒயிலில் தங்கி ஆவியைக் கூட்டுகின்றன. வாரத்தில் ஒருநாள் ஏ9 வீதியால் கொடிகாமம் வரை போய்வாருங்கள். ஏற்கெனவே பிடித்த காபன் இதனால் போகாது, ஆனால் ஒயிலில் தங்கிய ஈரம் உலரும். 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஒயில் மாற்றுங்கள். கைநூலில் உள்ள தடிப்பில், ‘ஏபிஐ எஸ்பி’ தரம் போட்டதாக இருக்கட்டும்.

கேள்வி: வாகன் ஆர் ஸ்ரிங்ரே ரேர்போவுக்கும் இதே பிரச்சினை வருமா? 95 பெற்றோல் அடித்தால் காபன் குறையுமா?
— வாசகி, சுன்னாகம்

பதில்: உங்களுடையது போர்ட் இன்ஜெக்ஷன். வால்வைப் பெற்றோலே கழுவிக்கொள்ளும், பிளாஸ்ரிங் பற்றி நினைக்கவே வேண்டாம். 95 என்பது ஒக்ரேன் எண். அது பெற்றோல் நொக்கிங்கை (தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதை) தாங்கும் அளவு. சுத்தம் செய்யும் சக்தியோடு ஒக்ரேனுக்குச் சம்பந்தம் இல்லை. கைநூல் கேட்பதை அடியுங்கள்.

கேள்வி: ரொயோட்டா சிஎச்ஆர் 1.2 ரேர்போ ஒன்று வாங்கப் பார்க்கிறேன். ‘காபன் கிளீனிங் செய்தாச்சு’ என்கிறார் விற்பவர்.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: இதுவும் டிரெக்ட் இன்ஜெக்ஷன்தான். கிளீனிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த வால்வின் படமும் கஸ்கற் பில்லும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்காக விலையில் ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்ரார்ட் செய்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். ஸ்கானரில் ‘ரெடினெஸ்’ பகுதியில் (கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது) பல ‘நொட் ரெடி’ என்று இருந்தால் பிழைக் கோட் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பற்றறி கழற்றப்பட்டிருக்கலாம். இன்ரர்கூலர் ஹோஸுக்குள் மெல்லிய ஒயில் ஈரம் பரவாயில்லை. தேங்கி நின்றால் ரேர்போவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கிளீனிங் செய்த மறுநாளே செக் எஞ்சின் லைற் எரிகிறது. கராஜ் ‘எங்கள் பிழை இல்லை’ என்கிறது.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: ஸ்கானரில் வரும் பிழைக் கோட் எதுவென்று எழுத்தில் வாங்குங்கள். பி0171 (காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போதவில்லை) என்றால் வேலையின்போது கழற்றிய ஹோஸ் சரியாக இறுகவில்லையா, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃபுளோ சென்சரில் மருந்து பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். திறொட்டில் துடைத்தபின் ஐடில் ரீலேர்ன் (கார் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கணினிக்குப் புதிதாகப் பழக்குவது) செய்யாமல் விட்டாலும் ஐடில் தாறுமாறாகும், அதைச் சரிசெய்யச் சில நிமிடம் போதும். பற்றுச்சீட்டோடு போய்த் திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பற்றுச்சீட்டில் ‘சேர்விஸ்’ என்று மட்டும் இருந்தால், செய்த வேலையை விபரமாக எழுதித் தரும்படி இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.