தாய் சி வயதானவர்களின் உடற்பயிற்சி மட்டும்தானா?

"மெதுவாகக் கையசைப்பதைப் போய் எப்படித் தற்காப்புக் கலை என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்காவில் யாரோ தாய் சி என்ற இந்தச் சீனக் கலையைச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் 68 வயது சீன ஆன்ட்டி ஒருவர் 'தள்ளு கை' பயிற்சிக்கு என்னைக் கூப்பிடும்வரை.

எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிவைத்து வட்டமாகச் சுற்ற வேண்டும், ஒட்டு விடக்கூடாது. எனக்கு அப்போது 34 வயது, 82 கிலோ. அவர் நெஞ்சைக் குறிவைத்து நேராகத் தள்ளினேன். அவர் கை எதிர்க்கவே இல்லை, இடுப்பு மட்டும் கொஞ்சம் திரும்பியது. தள்ளுவதற்கு அங்கே ஆளே இல்லாததுபோல் முன்னால் சாய்ந்தேன், அந்த நேரம் பார்த்துத் தோளில் லேசாக ஒரு தொடல், அவ்வளவுதான், இரண்டு எட்டு ஓடித் தூணைப் பிடித்துத்தான் நின்றேன்.

அப்புறம் அவரிடமே சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் மரத்தைக் கட்டிப்பிடித்தமாதிரி நிற்பது மட்டும்தான். முழங்கால் பாதத்தின் திசையிலேயே இருக்கட்டும், உள்ளே விழ விடாதே என்று தினமும் சொல்வார். கேட்காமல் ஆறு வாரம் முழங்கால் வலியோடு திரிந்தேன். வேகமாகச் செய்தால் தடுமாற்றம் வெளியே தெரியாது, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடை மாறும் இடத்தை மெதுவாகக் கடக்கும்போதுதான் எங்கே ஆடுகிறோம் என்று தெரியும்.

இதை வைத்துக் குத்துச்சண்டை வீரரை வீழ்த்தலாம் என்று நான் சொல்லவில்லை, அதற்காகக் கமெண்டில் வராதீர்கள். நீங்கள் பார்த்தது அநேகமாக 1956-ல் சீன விளையாட்டுத் துறை சுருக்கி அமைத்த 24 அசைவுத் தொகுப்பாக இருக்கும். ஹெனான் மாநிலத்துச் சென்ஜியாகோ கிராமத்துச் சென் பாணியைப் பாருங்கள், திடீர்க் குத்தும் தரையதிரும் மிதியும் இருக்கும். அங்கே கற்ற வெளியூர்க்காரர் யாங் லூசான்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கலையைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதையும் போதிதர்மர்தான் சொல்லிக்கொடுத்தார் என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் பரப்புவதை நிறுத்துங்கள். அவர் காலம் 5, 6ஆம் நூற்றாண்டு. இந்தக் கலையைத் தொடங்கியவராக ஆய்வாளர்கள் பலர் சொல்லும் சென் வாங்டிங் 17ஆம் நூற்றாண்டுக்காரர். ஒருநாள் ஆன்ட்டியே என்னிடம், "இது உங்க ஊர் ஆள் சொல்லிக்கொடுத்ததாமே?" என்று கேட்டார், யாரோ தமிழ்ப் பையன் சொன்னானாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.