ஃபிஷிங் மெயில்: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

ஃபிஷிங் மெயில், அதாவது வங்கி போலவோ தெரிந்தவர் போலவோ நடித்து பாஸ்வேர்டையும் பணத்தையும் பறிக்கும் போலி மெயில் பற்றிக் கேட்கலாம் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

கேள்வி: சார், அனுப்பியவர் முகவரி அச்சு அசலாக என் வங்கியுடையதுதான். அப்படியும் போலியாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். மெயில் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வந்தது. அனுப்புநர் இடத்தில் எந்தப் பெயரை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. தபால் உறையின் மேல் யார் முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான்.

இந்த ஓட்டையை அடைக்கப் பிற்பாடு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் வந்தன. அந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) சார்பாக அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா என்று முதலாவது பார்க்கும். இரண்டாவது டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். இவை உங்கள் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகின்றனவா என்பதை மூன்றாவது பார்க்கும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் மூன்றின் முடிவும் மேலேயே இருக்கும்.

ஃபெயில் என்றிருந்தால் உஷாராகுங்கள். பாஸ் என்றிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். மோசடிக்காரர் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்தால் மூன்றும் பாஸ்தான். எந்த டொமைனுக்குப் பாஸ் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். செல்போனில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தொட்டால் முழு முகவரியும் வரும்.

கேள்வி: லிங்க்கை எப்படிப் படிப்பது?

பதில்: கணினியில் மவுஸை மேலே வைத்தால், செல்போனில் விரலை அழுத்திப் பிடித்தால், உண்மையான முகவரி தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'உங்கள்வங்கி.காம்.கணக்குசேவை.நெட்/லாகின்' என்று ஒரு முகவரி இருந்தால், அதன் சொந்தக்காரர் 'கணக்குசேவை.நெட்'. முன்னால் வரும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். டொமைன் வைத்திருப்பவர் முன்னால் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

எழுத்திலும் வித்தை உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் மாதிரியே தெரியும். 2017-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்துகளால் ஆப்பிள் நிறுவன முகவரி போலவே ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். அப்போதைய குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கண்ணால் வித்தியாசம் காணவே முடியவில்லை. குரோம் பின்னர் அதைச் சரிசெய்தது.

அதனால் என் கட்சி இதுதான்: லிங்க்கை ஆராய்ந்து துப்பறிய வேண்டாம். மெயிலை மூடிவிட்டு, அந்த நிறுவனத்தின் செயலியிலோ நீங்களே தட்டச்சு செய்யும் முகவரியிலோ உள்ளே போய்ப் பாருங்கள். நிஜமாகவே பிரச்சினை இருந்தால் அங்கேயும் தெரியும். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காவல் உண்டு. டொமைன் ஓர் எழுத்து மாறினாலும் அது பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது அன்றைக்கு மட்டும் நிரப்பவில்லை என்றால், காப்பி செய்து ஒட்டாமல் நிறுத்துங்கள்.

கேள்வி: உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்ததே?

பதில்: வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். திருடனோடு பேசினாலும் பூட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி: எழுத்துப் பிழை நிறைய இருந்தால் போலி என்பார்களே?

பதில்: அது பழைய காலம். இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிறது. பல நிறுவனங்களின் அசல் மெயிலைவிடப் போலியே சுத்தமாக இருக்கிறது. நடையைவிட, என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி, பணம், திறக்கச் சொல்லும் இணைப்புக் கோப்பு இவற்றில் ஒன்றோடு அவசரமும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படலாம்.

கேள்வி: எங்களுக்குச் சரக்கு தருபவர் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்' என்று எழுதியிருக்கிறார். லிங்க் எதுவும் இல்லை.

பதில்: லிங்க் இல்லாத மெயிலை, போலிகளைத் தடுக்கும் ஃபில்டர்கள் பிடிப்பதும் கடினம். 2013 முதல் 2015 வரை ஒரு லிதுவேனியக்காரர், வன்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி பில்கள் அனுப்பி கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019-இல் ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. அவர்களே ஏமாந்த விஷயம் இது. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலில் தந்த எண்ணில் கூப்பிட வேண்டாம். சரக்கு தருபவரின் மெயில் கணக்கையே திருடி, பழைய உரையாடலுக்குள் நுழைந்து எழுதுபவர்களும் உண்டு.

கேள்வி: அண்ணா, பாஸ்வேர்டு கொடுத்துவிட்டேன். ஓடிபியும் போட்டேன். மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. வேறொரு சாதனம் இருந்தால் அதிலிருந்து, சரியான முகவரிக்குப் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுங்கள். போலிப் பக்கம் நீங்கள் தருவதை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டு, உள்நுழைந்த செஷனையே (மறுபடி பாஸ்வேர்டு கேட்காத நிலையை) எடுத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது பலரும் மறப்பது. மெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங்கையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள். வங்கி மெயில்களை வெளியே அனுப்பிவிட்டு உங்கள் பெட்டியிலிருந்து அழிக்கும் விதி ஒன்று அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். மீட்பு எண், மீட்பு மெயில், அனுமதி பெற்ற செயலிகள் ஆகியவற்றையும் பாருங்கள். அதே பாஸ்வேர்டு வேறெங்கே இருக்கிறதோ அங்கும் மாற்றுங்கள். வங்கி விவரம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் வங்கியைக் கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்ததும், பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையோ திரைப்பூட்டோ கொண்டு உள்நுழையும் பாஸ்கீ அமைத்துக்கொள்ளுங்கள். அது அசல் டொமைனில் மட்டுமே வேலை செய்யும்.

கேள்வி: அழித்தால் போதாதா? யாரிடம் சொல்வது?

பதில்: அழித்தால் நீங்கள் தப்பிப்பீர்கள், பக்கத்து மேசைக்காரர் மாட்டுவார். ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் ஃபிஷிங் என்று புகார் செய்யும் வசதி இருக்கிறது. வெறும் ஸ்பேம் என்று தள்ளாமல் அதைப் பயன்படுத்துங்கள். அலுவலக மெயில் என்றால் ஐடி பிரிவுக்கு உடனே சொல்லுங்கள். அதே மெயில் இன்னும் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, அவர்கள் திறக்குமுன் எடுத்துவிட ஐடி பிரிவால் முடியும். கிளிக் செய்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

யார் பெயரில் வந்ததோ அந்த நிறுவனத்துக்கும், ஃபிஷிங்கை எதிர்க்கும் ஏபிடபிள்யூஜி என்ற சர்வதேசக் கூட்டமைப்புக்கும் அனுப்பலாம். அனுப்பும்போது அந்த மெயிலையே ஒரு கோப்பாகச் சேர்த்து, 'இணைப்பாக ஃபார்வர்டு' செய்யுங்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் எந்த சர்வர் வழியாக வந்தது என்ற தலைப்பு விவரங்கள் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டிலும் அவை கிடைக்காது. போலித் தளத்தை, ஆபத்தான தளங்களைப் பட்டியலிடும் கூகுள் சேஃப் பிரவுசிங் பக்கத்தில் பதிந்தால் உலாவிகள் சிவப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கலாம். மோசடிக்காரருக்குப் பதில் எழுதித் திட்டாதீர்கள். 'அன்சப்ஸ்கிரைப்' லிங்க்கையும் தொடாதீர்கள்.

கேள்வி: நான் புகார் செய்தது எங்கள் எச்ஆரின் அசல் மெயிலாம். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கட்டும். யாரும் கேள்விப்படாத டொமைனிலிருந்து 'இன்றே உள்நுழையவும்' என்று அனுப்பியது எச்ஆரின் தவறு. ஐடி பிரிவிடம் அதைச் சொல்லுங்கள், அடுத்த முறை முன்னறிவிப்பாவது வரும். ஜிமெயிலாக இருந்தால், அந்த மெயிலைத் திறந்து அதே மூன்று புள்ளி மெனுவில் 'ரிப்போர்ட் நாட் ஃபிஷிங்' கொடுத்துவிடுங்கள்.