பைன் நாற்றின் வேரில் வெள்ளைப் பூஞ்சணம்: என்ன மருந்து ஊற்றலாம்?

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் பீன்ஸும் போடுகிறேன். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் காற்று அதிகம். தடுப்புக்கு ஒரு வரிசை பைன் வைக்கலாம் என்று 300 பைகளில் நாற்று விட்டேன். எட்டு மாதமாகியும் விரல் நீளத்தைத் தாண்டவில்லை. ஊசியிலை மஞ்சளாகி, நுனி ஊதாவாகிறது. வேம் (VAM) என்ற வேர்ப் பூஞ்சண உரம் ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன். 19:19:19 கலப்பு உரம் கரைத்து ஊற்றினேன். பலன் இல்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள பழைய பைன் மரத்தடியில் தானாக முளைத்த கன்றுகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. ஆனால் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். அது என் பைகளுக்கும் பரவிவிடும் என்று பயந்து ஹெக்ஸகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை ஊற்றிவிட்டேன். அடுத்து என்ன மருந்து கொடுக்கலாம்? மழைக்குப் பிறகு அந்த மரத்தடியில் வரும் காளானைச் சாப்பிடலாமா?

பதில்: வணக்கம். முதலில் மருந்தை நிறுத்துங்கள். எது பரவிவிடும் என்று பயந்தீர்களோ, அது பரவாததுதான் உங்கள் நாற்றின் கோளாறு.

மரத்தடிக் கன்று ஒன்றை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெல்ல அலசி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனி வேர்கள் குட்டையாக, தடித்து, கவட்டை மாதிரி இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு உறை இருக்கும். அதிலிருந்து பஞ்சு இழை போல மண்ணுக்குள் ஓடும். வேர் அழுகல் வேறு மாதிரி. அழுகிய வேர் கறுத்துப் போயிருக்கும், இரண்டு விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து உள்நார் மட்டும் மிஞ்சும், நாற்றமும் இருக்கும். நீங்கள் பார்த்தது அழுகல் என்றால் அந்தக் கன்று பச்சையாக நின்றிருக்காது.

அந்த உறை ஒரு பூஞ்சணம். வேரின் மேல் போர்த்திக்கொண்டு, வேர் செல்களுக்கு இடையிலும் வலை மாதிரி நுழையும், செல்லுக்குள் மட்டும் போகாது. இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அதற்குக் கொடுக்கிறது. சில மரங்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறைந்த கூலி இல்லைதான். பதிலுக்குப் பூஞ்சணம் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தையும் (நைட்ரஜன்) தண்ணீரையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நம் மலை மண் புளிப்பு மண். அதில் மணிச்சத்து இருந்தாலும் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர்த்தூவியை விடப் பல மடங்கு மெல்லிய இழை என்பதால் பூஞ்சணத்தால் மண் இடுக்கெல்லாம் நுழைய முடிகிறது. அமிலம் சுரந்து கொஞ்சம் கரைத்தும் எடுக்கிறது. உங்கள் நாற்றின் ஊதா நுனி மணிச்சத்துப் பஞ்சத்தின் அடையாளம். குளிரிலும் கொஞ்சம் ஊதா ஏறும், ஆனால் எட்டு மாதத்தில் விரல் நீளம் என்பதைக் குளிரின் தலையில் போட முடியாது.

இந்தக் கூட்டைக் கண்டு பெயர் வைத்தவர் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். 1885-ல் 'பூஞ்சை வேர்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மைக்கோரைசா என்றார். வேடிக்கை என்னவென்றால், அரசு அவரிடம் கேட்டது வேறு: டிரஃபிள் என்ற விலை உயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள். அதைத் தேடிப் போனவர் மரத்தின் வேரில் இதைக் கண்டார்.

உங்கள் கதையே பெரிய அளவில் போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்திருக்கிறது. அங்கே பைன் இயற்கையாகக் கிடையாது. பல ஆண்டுகள் விதை கொண்டுவந்து போட்டும் கன்றுகள் மஞ்சளாகிச் செத்தன, உரம் போட்டும் சரிவரவில்லை. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் காட்டுத் தரையிலிருந்து மண் கொண்டுவந்து வேரில் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் அங்கே பைன் தேறியது. நம் மலைக்கும் பைன் வந்தேறிதான். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பெரும்பாலும் நட்டது மெக்சிகோவிலிருந்து வந்த, ஊசியிலை தொங்கும் பட்டுலா வகை. அதற்கான பூஞ்சணமும் வெளியிலிருந்து வந்ததே. பைன் நின்ற இடத்தில் அது இருக்கும், நிற்காத இடத்து மண்ணில் எதிர்பார்க்க முடியாது. பைக்கு என்ன மண் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமான செம்மண், மணல், எரு என்றால் நாற்றின் வேர் கூட்டாளி இல்லாமல் எட்டு மாதம் தனியாகத் திண்டாடியிருக்கிறது.

வேம் ஏன் உதவவில்லை என்றால், அது வேறு சாதி. வேம் பூஞ்சணம் வேர் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாது, காளானும் விடாது. நாம் பயிரிடுவதில் பெரும்பாலானவற்றோடு சேரும். பைன் அதை நம்பி வாழும் மரம் இல்லை. மூட்டையில் 'எல்லாப் பயிருக்கும் ஏற்றது' என்று அச்சடித்திருந்தாலும் பைனுக்கு அது தண்டச் செலவு. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வீட்டுக்குப் பின்னால் உள்ள அந்தப் பைன் மரத்தடிக்கே போங்கள். புதிதாக உதிர்ந்த ஊசியிலையை ஒதுக்கிவிட்டு, அதன் கீழே மக்கிய சருகும் மண்ணும் கலந்த மேல் நான்கு அங்குலத்தை நுனி வேர்களோடு அள்ளுங்கள். வெயிலில் காயவிடாமல், ஈரச் சாக்கில் மூடி, அன்றோ மறுநாளோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு பையிலும் ஒரு குச்சியால் வேர் வரை இரண்டு துளை போட்டு, ஒரு கைப்பிடி மண்ணைத் திணித்துத் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை நாற்று விடும்போது பை மண்ணில் பத்தில் ஒரு பங்கு இந்த மண்ணைக் கலந்துவிட்டால் போதும். மண்ணோடு நோயும் வரலாம், அதனால் நன்றாக இருக்கும் மரத்தடியில் மட்டும் எடுங்கள். உங்கள் மரம் போதாது என்று வனத்துறை நிலத்தில் கை வைக்க வேண்டாம்.

ஒரே நாளில் 300 பையிலும் செய்யாதீர்கள். ஹெக்ஸகோனசோலின் மிச்சம் பையில் இருக்கலாம். முப்பது பையில் புது மண் மாற்றி, மரத்தடி மண் கலந்து தொடங்குங்கள். 19:19:19 வேண்டாம். கரையும் மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேர் பூஞ்சணத்தைச் சேர்த்துக்கொள்வது குறையும். பூண்டுக்குப் போடுகிற பழக்கத்தில் சுண்ணாம்பையும் போட்டுவிடாதீர்கள், பைனுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். மூன்று, நான்கு மாதத்தில் புதுக்குருத்து பச்சையாக வரும். அப்போது ஒரு பையைக் கிழித்துப் பார்த்தால் கவட்டை வேர் தெரியும்.

காளான் விஷயத்துக்கு வருகிறேன். மரத்தடியில் வருவது பெரும்பாலும் இதே பூஞ்சணத்தின் காய் போலத்தான். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று வரும், அமானிட்டா மஸ்கேரியா. நீலகிரியில் பட்டுலா பைன் வேரில் கூடி வாழ்வதாக ஆய்வில் பதிவான வகை அது. நஞ்சு. மழையில் புள்ளி கழுவிப் போனால் வெறும் சிவப்புக் காளானாகவும் நிற்கும். குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். குடைக்கு அடியில் மடிப்புக்குப் பதில் பஞ்சு போலத் துளை உள்ள வழவழப்பான பழுப்புக் காளான் சுயில்லஸ் இனமாக இருக்கலாம். வெளிநாட்டில் அந்த இனத்தில் சிலதைத் தின்கிறார்கள். எழுத்தில் விவரம் படித்துக் காளானை அடையாளம் காட்டும் வேலைக்கு நான் வரமாட்டேன். எதையும் சாப்பிட வேண்டாம். ஆனால் பிடுங்கியும் எறியாதீர்கள், அதன் வித்து பக்கத்துக் கன்றுகளுக்குப் போகட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேற்கு ஓரம் புல்வெளியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பைன் வேண்டாம். விதைக்குச் சிறகு உண்டு, காற்றில் போகும். பூஞ்சணமும் பின்னாலேயே போனால் புல்வெளி நடுவில் பைன் முளைக்கத் தொடங்கும். மேல்மலையில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஊற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தப் புல்தான். அதோடு காய்ந்த பைன் சருகு சீக்கிரம் தீப்பிடிக்கும். காற்றுத் தடுப்புக்கு நம் சோலை மரங்கள் மெதுவாக வளரும், தெரியும். இருந்தாலும் நானாக இருந்தால் அந்த முப்பது பையை வீட்டுப் பக்கம் நட்டுவிட்டு, மேற்கு ஓரத்துக்கு வேறு மரம் தேடுவேன்.

மிச்சம் இருக்கிற வேமை வீணாக்காதீர்கள். காலாவதித் தேதி பார்த்து, விதைக்கும்போது பீன்ஸுக்கும் பூண்டுக்கும் வேர் படும் ஆழத்தில் போடுங்கள், அவை இரண்டுக்கும் நன்றாகக் கேட்கும். முட்டைக்கோசு, முள்ளங்கி, பீட்ரூட் போட்டால் அந்தப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், அவை பொதுவாக இப்படி வேர்ப் பூஞ்சணத்தோடு கூட்டு வைப்பதில்லை.