ஹோவர்ட் ஸ்டெர்ன்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்க வானொலியில் ‘ஷாக் ஜாக்’, அதாவது வேண்டுமென்றே அதிர்ச்சி தரும்படி பேசும் தொகுப்பாளர், என்றதும் முதலில் நினைவுக்கு வரும் ஆள் ஹோவர்ட் ஸ்டெர்ன். அவருடைய நிகழ்ச்சியையும் அதைச் சுற்றி நடந்த சண்டைகளையும் பல வருடங்களாகப் பின்தொடர்கிறேன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பாட்டுப் போடுகிற ஒரு டிஜே எப்படி சார் இவ்வளவு பெரிய ஆளானார்?

பதில்: பாட்டைக் குறைத்ததால்தான். 1954ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1976ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டுச் சின்னச் சின்ன நிலையங்களில் வேலை பார்த்தார். டெட்ராய்டில் இருந்தபோது அந்த ராக் நிலையம் திடீரென்று கன்ட்ரி இசைக்கு மாறிவிட, மூட்டையைக் கட்டினார். 1981ல் வாஷிங்டன். அங்கேதான் ராபின் குவிவர்ஸ் வந்து சேர்ந்தார். விமானப்படையில் செவிலியராக இருந்து வானொலிக்கு வந்தவர். செய்தி வாசிப்பதுதான் வேலை. ஆனால் ஸ்டெர்ன் எல்லை மீறும்போது சிரிப்பதா, அதட்டுவதா என்பது அவர் கையில் இருந்தது. கேட்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு ஓர் அனுமதிச்சீட்டு மாதிரி. ராபின் இல்லாத ஸ்டெர்னை என்னால் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: விமான விபத்தைக் கிண்டல் செய்ததால் வேலை போனது என்கிறார்களே?

பதில்: கிண்டல் செய்தது உண்மை. வேலை போனது அதனால் அல்ல. 1982 ஜனவரி 13 அன்று ஏர் ஃப்ளோரிடா விமானம் ஒன்று பனிக்கு நடுவே வாஷிங்டனில் கிளம்பி, போடோமாக் ஆற்றின் மேலுள்ள 14ஆம் தெருப் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் வண்டியில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். மறுநாள் ஸ்டெர்ன் அந்த விமான நிறுவனத்துக்குப் போன் போடுவதுபோல் பேசி, ‘பாலம் வரைக்கும் ஒருவழி டிக்கெட் எவ்வளவு?’ என்று விசாரித்தார். ஊரே கொதித்தது. ஆனால் அதே ஆண்டு நியூயார்க்கில் என்பிசி நிறுவனத்தின் வானொலி நிலையம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அத்துமீறிப் பேசினால் வேலை போகும் என்ற கணக்கு அவர் விஷயத்தில் ஆரம்பத்திலேயே தப்பிவிட்டது.

கேள்வி: அந்த என்பிசி வேலை என்ன ஆனது?

பதில்: 1985 செப்டம்பரில் நீக்கிவிட்டார்கள். அதற்கு முன் நிலையத்தின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதில்கூட நிர்வாகத்துடன் மல்லுக்கட்டினார். மேலதிகாரி ஒருவருக்கு ‘பன்றி வைரஸ்’ என்று பட்டப்பெயர் வைத்து, அதையும் நிகழ்ச்சியிலேயே சொன்னார். இரண்டு மாதத்துக்குள் நியூயார்க்கிலேயே கே-ராக் நிலையத்தில் உட்கார்ந்தார். 2005 முடியும்வரை அதுதான் இருப்பிடம். 1986ல் பிலடெல்பியாவுக்கும், 1991ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் அதே நிகழ்ச்சி போனது. காலை நிகழ்ச்சி என்றால் அந்தந்த ஊர்ச் சங்கதி என்ற வழக்கத்தை உடைத்தது இந்த விரிவுதான்.

கேள்வி: அபராதம் அபராதம் என்கிறார்களே, அவர் மொத்தம் எவ்வளவு கட்டினார்?

பதில்: இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அபராதம் அவர்மேல் அல்ல, நிலையத்தின் உரிமம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்மேல். அலைவரிசை பொதுச்சொத்து, அதை அரசு உரிமம் கொடுத்துப் பயன்படுத்த விடுகிறது. அதனால் எஃப்சிசி எனப்படும் ஒலிபரப்பு ஆணையம் பிடிப்பது உரிமம் வைத்திருப்பவரின் சட்டையை.

1978ல் உச்ச நீதிமன்றம், பொது ஒலிபரப்பில் அநாகரிகப் பேச்சைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் குறிப்பிட்ட ஏழு கெட்ட வார்த்தைகளைத் தவிர்த்தால் போதும் என்ற நிலைமை. ஸ்டெர்ன் அந்த வார்த்தைகள் ஒன்றையும் சொல்லாமலே வேண்டிய அளவு பச்சையாகப் பேசுவார். 1987ல் ஆணையம் அளவுகோலை மாற்றியது: வார்த்தை அல்ல, பாலியல் விஷயத்தை முகம்சுளிக்க வைக்கும்படி வர்ணித்தாலே குற்றம். அன்றைக்கு அவர்கள் கையில் எடுத்த மூன்று நிகழ்ச்சிகளில் ஸ்டெர்னுடையதும் ஒன்று. இரவு 10 முதல் காலை 6 வரை விதிவிலக்கு உண்டு. ஸ்டெர்ன் பேசியதோ, அப்பா அம்மா பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் நேரத்தில்.

கே-ராக் நிலையத்தின் உரிமையாளரான இன்ஃபினிட்டி நிறுவனம் பல ஆண்டுகள் இழுத்தடித்து, 1995ல் சுமார் 17 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஏன் திடீரென்று சம்மதம்? புதிய நிலையங்களை வாங்குவதற்கு அதே ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். குடுமி அங்கே சிக்கியிருந்தது.

கேள்வி: செலினா விஷயத்துக்கும் அபராதம் போட்டார்களா அண்ணா?

பதில்: இல்லை. எனக்கு அவர்மேல் இன்றுவரை ஆறாத கோபம் இந்த ஒன்றில்தான். டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளிப் பாடகி செலினா 1995 மார்ச் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 23. சில நாட்களிலேயே ஸ்டெர்ன் அவருடைய பாட்டைப் போட்டு, அதன்மேல் துப்பாக்கிச் சத்தம் சேர்த்து, அந்த இசையையும் அதைக் கேட்பவர்களையும் கேலி செய்தார். டெக்சாஸில் ஹார்லிஞ்சன் என்ற ஊர் நீதிபதி ஒருவர் கைது ஆணையே பிறப்பித்தார். ஸ்டெர்ன் ஸ்பானிய மொழியில் ஒரு வருத்தச் செய்தி வாசித்தார். பலர் அதை ஏற்கவில்லை.

ஆனால் ஆணையத்தின் விதியைப் பாருங்கள். செத்தவரைக் கேலி செய்தால் அது அநாகரிகம் இல்லை, உடலுறவைப் பற்றிப் பேசினால்தான். விமான விபத்துக்கும் அப்படித்தான். மனிதர்களுக்கு வலித்த பேச்சுக்கு ஒரு காசு அபராதம் இல்லை; படுக்கையறை ஜோக்குக்கு லட்சக்கணக்கில். பேச்சுச் சுதந்திரம் என்ற முறையில் அரசு அதில் தலையிடாதது சரிதான். அதற்காக ‘ஸ்டெர்ன் சட்டத்தோடு போராடினார்’ என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி அவரை வீரராக்குவதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: தேர்தலில் நின்றாராமே?

பதில்: 1994ல் நியூயார்க் ஆளுநர் பதவிக்கு அரசின் தலையீடு குறைய வேண்டும் என்கிற சிறிய கட்சியான லிபர்டேரியன் கட்சியின் வேட்பாளரானார். சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றதும் விலகிவிட்டார். சாலைப் பணிகளை இரவில் நடத்த வேண்டும் என்பது அவருடைய வாக்குறுதிகளில் ஒன்று. ஜெயித்த ஜார்ஜ் படாக்கி அதற்கு ஒரு சட்டமே கொண்டுவந்தார்.

கேள்வி: எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஏன் செயற்கைக்கோள் வானொலிக்குப் போனார்? காசுதானே?

பதில்: காசும்தான். 2004 பிப்ரவரியில் சூப்பர் பவுல் எனும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் ஆடை விலகிய சம்பவம் ஞாபகம் இருக்கிறதா? நடந்தது தொலைக்காட்சியில், அதனால் வந்த கெடுபிடியில் இடி விழுந்தது வானொலியில். அந்த மாதமே கிளியர் சேனல் நிறுவனம் தன் 6 நிலையங்களில் ஸ்டெர்னை நிறுத்தியது; ஏப்ரலில் அவர் நிகழ்ச்சிக்காக அந்த நிறுவனத்துக்கு 4,95,000 டாலர் அபராதம் வந்தது.

அக்டோபரில் சிரியஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனத்துடன் ஒப்பந்தத்தை அறிவித்தார்: 5 வருடம், நிகழ்ச்சிச் செலவும் சேர்த்து சுமார் 50 கோடி டாலர். சந்தா கட்டிக் கேட்கிற சேவைக்கு ஆணையத்தின் அநாகரிக விதி பொருந்தாது. அறிவித்தபோது சிரியஸுக்கு 6 லட்சத்தை ஒட்டிய சந்தாதாரர்கள். 2005 முடிவில் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லோரும் அவருக்காகவே வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கார்களிலேயே அந்தக் கருவி பொருத்தி வர ஆரம்பித்த காலம் அது. 2006 ஜனவரி 9 அன்று முதல் ஒலிபரப்பு. பழைய முதலாளியான சிபிஎஸ் (இன்ஃபினிட்டி இதற்குள் அவர்கள் கைக்குப் போயிருந்தது) உடனே வழக்குப் போட்டது. சிரியஸ் 20 லட்சம் டாலர் கொடுத்து, பழைய ஒலிநாடாக்களின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. வழக்குப் போட்டவர்களிடமே சரக்கை வாங்கிய சாமர்த்தியம்!

கேள்வி: இப்போது ரொம்பச் சாதுவாகிவிட்டார் என்று பழைய ரசிகர்கள் புலம்புகிறார்கள். மாறியது நிஜமா, வேஷமா?

பதில்: மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் தடை எதுவும் இல்லாத இடத்துக்குப் போன பிறகுதான் அவர் நிதானமானார் என்பது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. எதிர்த்து முட்டச் சுவர் இல்லாதபோது கெட்ட வார்த்தைக்கு என்ன மதிப்பு? மனநல ஆலோசனைக்குப் போனதைப் பற்றி அவரே பேசுகிறார். 2019ல் வெளியிட்ட பேட்டித் தொகுப்பில், பழைய பேட்டிகளை நினைத்தால் கூசுகிறது என்ற தொனியில் எழுதினார். நடிகர் ராபின் வில்லியம்ஸிடம் பழைய பேட்டிக்காக மன்னிப்புக் கேட்க நினைத்தார்; அதற்குள் வில்லியம்ஸ் இறந்துவிட்டார். இன்றைய ஸ்டெர்னின் நீண்ட பேட்டிகள் பிரமாதமானவை. அப்புறம், செலினா குடும்பத்துக்கு அதனால் என்ன என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று. இத்தனை ரகளையில் ஜெயிலுக்குப் போனாரா, இல்லையா?

பதில்: இல்லை. 1994ல் கிளீவ்லாந்தில் போட்டி நிலையத்தை வென்றதைக் கொண்டாடத் தெருவிலேயே நேரலை நடத்தினார். எதிர் நிலையத்து ஊழியர் ஒருவர் ஒலிபரப்புக் கம்பியை வெட்டிவிட்டார். சிறைத்தண்டனை அவருக்குத்தான் கிடைத்தது. கம்பியை வெட்டியவர் கம்பி எண்ணினார். ஸ்டெர்ன் அதை வைத்தும் நிகழ்ச்சியை ஓட்டினார்.