தம்பி பெயரில் போடுவதா, பிள்ளைகள் பெயரில் போடுவதா?

கேள்வி: நாமக்கல் மாவட்டக் கிராமம் ஒன்றில் தையல் வேலை செய்கிறேன். மாதம் 5,500 ரூபாய் வருமானம். கணவர் எச்.ஐ.வி. தொற்றால் இறந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கும் தொற்று உண்டு, அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுக்கிறேன். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. இருவருக்கும் தொற்று இல்லை. கணவரின் இன்ஷூரன்ஸ் பணம் 4 லட்சம் என் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் அதைத் தம்பி பெயரில் டெபாசிட் போட நினைக்கிறேன். கணவர் சம்பாதித்து வாங்கிய வீட்டுக்கு உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்கிறார் கொழுந்தனார். மாமியார் இருக்கிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: சகோதரி, இரண்டிலுமே இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி மஞ்சள் பையோடு என்னைப் பார்க்க வந்தார். மகளும் மருமகனும் இதே நோயில் போய்விட்டார்கள். பேரன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கான பணத்தைச் சித்தப்பா கணக்கில் போட்டிருந்தார்கள். பையிலிருந்து பாட்டி எடுத்துக் காட்டிய பாஸ்புக்கின் கடைசி வரியில் 312 ரூபாய் இருந்தது. சித்தப்பா கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் ஒரு ஆபரேஷன் வந்தது, எடுத்துவிட்டார். கணக்கு அவர் பெயரில் இருந்ததால் பையனால் எதுவும் கேட்க முடியவில்லை.

உங்கள் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அவரைப் பணத்துக்குச் சொந்தக்காரர் ஆக்காமல், பிள்ளைகளுக்குக் காப்பாளர் ஆக்குங்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 33-வது பிரிவு உங்களைப் போன்ற தாய்மாருக்காகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்று நீங்கள் உயில் எழுதி வைக்கலாம். சாதாரண உயில் இறந்த பிறகுதான் பேசும். இது நீங்கள் படுத்த படுக்கையாகிச் செயல்பட முடியாமல் போனாலும் உடனே செல்லும். மனம் மாறினால் ரத்து செய்யலாம். இரண்டு சாட்சிகளோடு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

வீட்டு விஷயம். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள், மாமியார் நால்வருக்கும் சம பங்கு. கொழுந்தனாருக்குப் பங்கு கிடையாது. பிள்ளைகளின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நீங்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. பத்திரங்கள் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று பட்டால், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துப் பாதுகாக்கச் சொல்லலாம். வீட்டை விட்டு வெளியேற்றப் பார்த்தால் புகாரும் அங்கேயே கொடுக்கலாம். முன்பு சொன்ன எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 16-வது பிரிவு இது. இப்படி ஒரு வழி இருப்பது இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இனி 4 லட்சம். 50,000 ரூபாய் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே அவசரத்துக்கு இருக்கட்டும். மகனின் பிளஸ் ஒன், பிளஸ் டூ செலவுக்கு ஒரு லட்சத்தை ஓராண்டு டெபாசிட்டில் போட்டுப் புதுப்பித்து வாருங்கள். மகள் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கி 1,25,000 போடுங்கள். 8.2 சதவீத வட்டி நீடித்தால் அவளுக்கு 18 ஆகும்போது சுமார் 2.75 லட்சம் இருக்கும். அதில் பாதியை மேற்படிப்புக்கு எடுக்கலாம். வருடம் 250 ரூபாயாவது போட்டு வர மறக்காதீர்கள். மகன் பெயரில் தேசிய சேமிப்புப் பத்திரம் 1,25,000-க்கு வாங்கினால், 7.7 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் 1.81 லட்சம் ஆகும்.

அரசிடமிருந்து வரவேண்டியதையும் விடாதீர்கள். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 66,000தான். கணவரை இழந்தவர் என்ற தகுதியிலேயே விண்ணப்பிக்கலாம், நோயைச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள். ஒப்புதலுக்கு நாளாகலாம், அதனால் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கும் சத்துணவுக்கும் உதவ 2009-ல் தமிழக அரசு தொடங்கிய அறக்கட்டளையும் இருக்கிறது.

கவுண்டரில் நாலு பேர் முன்னால் "என்ன நோய்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே திரும்பிப் போகும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் தொற்றைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் ஒழிய. இது அந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 8-வது பிரிவு. அரசு திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவதோடு, மனுவைத் தனி அறையில் வாங்கவும் ஏற்பாடு செய்தால்தான் அது இந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். மகள் கல்லூரி முடிப்பதை நீங்களே இருந்து பார்க்கலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் ஆதார், படிப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அறக்கட்டளை உதவிக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரிடம் கேட்டு, அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.